இலவசப் பயணமா? மலேசிய விண்வெளித் திட்டமும் 2007 ஆம் ஆண்டுச் சொற்போரும்

செனாய் வட்டாரத் தமிழாசிரியர்களுக்கென நடத்தப்பெற்ற பயிலரங்கு ஒன்றில், நாட்டின் முதல் விண்வெளி வீரரைப் பற்றிய கருத்துணர்தல் பகுதி ஒன்றை ஆராய நேர்ந்தது. அதில், உருசிய நாடு அவரை இலவசமாக விண்வெளிக்கு அழைத்துச் சென்றது என்று ஒரு தொடர் இருந்தது. ஆசிரியை ஒருவர், "போர்விமானம் வாங்கியதற்காகத்தானே கொடுத்தார்கள், டாக்டர்? அப்புறம் எப்படி அது இலவசம்?" என வினவினார். 1974 இல் திறக்கப்பெற்ற செனாய் விமான நிலையம் அருகிலிருந்தமையால், தரையிறங்கும் விமானங்களின் ஒலிக்காக இடையிடையே பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அவ்வினாவுக்கு அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அக்குறையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

2003 ஆம் ஆண்டு, துன் மகாதீர் பிரதமராயிருந்த இறுதிக் காலத்தில், மலேசியா 18 சுகோய் போர்விமானங்களை வாங்க உருசியாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் மதிப்பு ஏறத்தாழ 900 மில்லியன் அமெரிக்க டாலர். பெருந்தொகைக்கு ஆயுதம் விற்கும் நாடு, வாங்கும் நாட்டுக்குத் தொழில்நுட்பமாகவோ பயிற்சியாகவோ வணிகமாகவோ ஒரு பகுதியைத் திருப்பித் தருவது உலக ஆயுதச் சந்தையின் நெடுநாள் வழக்கம். இதனை ஈட்டுச்சலுகை எனலாம். மலேசியர் இருவருக்குப் பயிற்சியளித்து ஒருவரை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அனுப்புவது அச்சலுகைகளுள் ஒன்றாக அமைந்தது. இருக்கையின் விலை 25 மில்லியன் டாலர் அளவினது என அக்காலச் செய்திகள் குறித்தன. முழு உடன்படிக்கையோடு ஒப்பிட, இது நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு.

'அங்காசாவான்' எனப் பெயர்பெற்ற அத்திட்டத்துக்கு 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இறுதி நால்வருள் பொறியியலாளர் வனஜா சிவாவும் ஒருவர்; நால்வருள் ஒரே பெண்மணியும் அவரே. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்விலிருந்த நாமும், ஒரு தமிழ்ப்பெண்ணின் பெயர் அப்பட்டியலில் இடம்பெற்றதைக் கண்டு, செலவுக் கணக்கையெல்லாம் மறந்து மகிழ்ந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2006 செப்டம்பரில் மருத்துவர் சேக் முசாபர் சுக்கோர், பல் மருத்துவர் பைஸ் காலிட் ஆகிய இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். விடுதலைப் பொன்விழா ஆண்டான 2007 இல், அக்டோபர் 10 ஆம் நாள், சேக் முசாபர் பைக்கோனூரிலிருந்து சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டார். அக்டோபர் 21 ஆம் நாள் திரும்பினார். புற்றுநோய் உயிரணுக்கள், புரதப் படிகங்கள் தொடர்பான சோதனைகள் அங்கு அவர் மேற்கொண்டவற்றுள் சில.

இளையோரிடையே அறிவியல் ஆர்வம் பெருகும் என்பது அரசின் வாதம். அப்பணம் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்றிருக்க வேண்டும் என்பது எதிர்வாதம். செலவைப் பற்றித் தொடங்கிய இவ்விவாதம் விரைவில் பெயரைப் பற்றியதாகத் திரிந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அவரை விண்வெளி வீரர் எனக் குறிக்காமல் 'விண்பயணப் பங்கேற்பாளர்' எனக் குறித்தமையே அதற்கு வாய்ப்பளித்தது. அவர் வீரரா, சுற்றுலாப் பயணியா என்று நாடு வழக்காடியது. கடும்பயிற்சியை முடித்துச் சென்ற ஒருவருக்கு இது நேர்மையற்ற தீர்ப்பு என்பது நம் கருத்து. அதனினும் பெரிய குறை, வழக்கு ஒரு தனிமனிதரின் பட்டத்தோடு நின்றுபோனமையாகும்.

ஏன் அவ்வாறு நின்றது? பிற நாடுகளின் வரலாறு இதற்கு ஒளி தருகின்றது. 1969 சூலையில், அப்போலோ 11 ஏவப்படுவதற்கு முன்னாள், அருட்திரு ரால்ப் அபர்நதி ஏழைக் குடும்பங்களோடு ஏவுதளத்துக்கே சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் நேரில் வந்து அவருக்கு மறுமொழி கூறினார். எவ்வளவு செலவாகிறது என்பதை இருதரப்பினரும் அறிந்திருந்தனர். இந்தியாவிலோ 1972 இல் விண்வெளித் துறை தனித்துறையாயிற்று. அதன் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. 1975-76 இல் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள்வழிக் கல்வி ஒளிபரப்பைக் கொண்டுசென்ற முயற்சி, செலவுக்கு ஈடாகக் காட்டத்தக்க சான்றாயிற்று. 2013 இல் செவ்வாய்க் கலத்தைப் பழித்தவரும் போற்றியவரும் 450 கோடி ரூபாய் என்னும் ஒரே எண்ணை வைத்தே வாதிட்டனர்.

மலேசியாவில் இருக்கையின் விலை ஒரு படைக்கலக் கொள்முதலுக்குள் பொதிந்து கிடந்தது. போர்விமானங்களை ஏற்றுக்கொண்டவர்க்கு அது விலையற்றதாகத் தோன்றியது. ஏற்காதவர்க்கு முழுத்தொகையுமே வீணாகத் தோன்றியது. உள்நாட்டுப் பயிற்சிக்கும் சோதனைகளுக்கும் அரசு தனியே செலவிட்டமை இதனிடையே மறைந்தது. விற்பவன் தன் விலைக்குள் கணக்கிட்டே சலுகை தருவான் என்பதைச் சந்தைக்குச் சென்றுவரும் எவரும் அறிவர். அச்சலுகையை வேறொரு வடிவிலும் கேட்டிருக்கலாம் என்பதே உரிய வினா. அதனைக் கேட்டோர் மிகச் சிலர்.

அதே ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் இண்ட்ராப் பேரணி கோலாலம்பூரில் நடைபெற்றது. விண்கலம் திரும்பி அப்பொழுது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன. இவ்விரண்டையும் காரணகாரியமாக இணைப்பது வரலாற்று நேர்மையாகாது. ஆயினும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் நிலையை அறிந்த ஆசிரியர்கள் இரு நிகழ்வுகளையும் ஒரே மூச்சில் நினைவுகூர்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். செனாயிலும் கேட்டோம்.

சொற்போர் ஓய்ந்தபின் நிகழ்ந்ததே நம்மை மிகுதியும் சிந்திக்க வைக்கின்றது. 2009 சூலையில் ராசாக்சாட் என்னும் புவிநோக்குச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதற்கான செலவு 142 மில்லியன் ரிங்கிட். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றி, மேகமூட்டம் மிகுந்த நம் நிலப்பரப்பை அடிக்கடி படம்பிடிப்பது அதன் நோக்கம். காட்டழிவையும் வெள்ளத்தையும் கண்காணிக்க அது பெரிதும் பயன்பட்டிருக்கும். ஓராண்டளவிலேயே அது செயலிழந்தது. தலைமைக் கணக்காய்வாளரின் 2010 ஆம் ஆண்டறிக்கை இதனைச் சுட்டிக்காட்டியது. அங்காசாவானுக்காகச் சொற்போரிட்டோர் இதற்கு எழுப்பிய குரல் மிகக் குறைவே. ஒரு மனிதரின் முகம் அதற்கு இல்லாமற் போயிற்று. பைஸ் காலிட்டின் பயணமும் நிகழவில்லை. 2002 இல் நிறுவப்பெற்ற தேசிய விண்வெளி நிறுவனம் 2019 இல் தொலையுணர்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு மலேசிய விண்வெளி நிறுவனமாயிற்று.

பயிலரங்கின் பிற்பகலில் அத்தொடரைத் திருத்த முனைந்தோம். 'இலவசமாக' என்னும் சொல்லை நீக்குவதில் எவருக்கும் மறுப்பில்லை. அவ்விடத்தில் எதனை இடுவது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. 'விலையின் ஒரு பகுதியாக' என்றார் ஒருவர். ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குப் போர்விமானக் கொள்முதலை எவ்வாறு விளக்குவது எனக் கேட்டார் மற்றொருவர். வினா எழுப்பிய ஆசிரியையோ, தொடரை அவ்வாறே விட்டு, கீழே ஒரு வினாவை மட்டும் சேர்த்தார்: இப்பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார்?