'விஸ்' என்னும் சுருக்கமும் ஓர் ஈற்றுக்குறியும்

ஆங்கில ஒப்பந்தங்களிலும் சட்ட ஏடுகளிலும் வி, ஐ, இசட் என்னும் மூன்றெழுத்தாலாகிய சுருக்கம் பயின்று வரக் காண்கிறோம். 'அதாவது', 'எவையெனின்' என்பன அதன் பொருள். 'காணல் ஆகும்' எனப் பொருள்படும் 'விடெலிக்கெட்' என்னும் இலத்தீன் சொல்லின் குறுக்கமே இஃது. ஆயின் அச்சொல்லில் இசட் என்னும் எழுத்தே இல்லையே! அஃது எங்கிருந்து வந்தது என மாணாக்கர் வினவின் யாது விடை கூறுவது?

அஃது எழுத்தன்று, குறியே. இடைக்கால ஐரோப்பாவில் தோலேடுகளில் நூல்களைப் படியெடுத்தோர், இடமும் உழைப்பும் மிச்சமாதற்பொருட்டுச் சொல்லின் ஈற்றைக் குறியால் உணர்த்தினர். அரைப்புள்ளி போன்ற ஒரு குறி, விரைந்து எழுதும் கையில் 3 என்னும் எண்ணின் வடிவுற்றது. 'விடெலிக்கெட்' என்பதன் 'எட்' என்னும் ஈறு இக்குறியாலேயே எழுதப்பட்டது. இதே குறி, 'பி' என்னும் எழுத்தை அடுத்து நிற்பின் 'உஸ்' எனவும், 'கியூ' என்னும் எழுத்தை அடுத்து நிற்பின் 'உவே' எனவும் படிக்கப்பெற்றது. இடம் நோக்கி ஈறு கொள்வது படிப்போர் கடனாயிருந்தது. அச்சுக்கலை வந்தபின், வடிவால் நெருங்கிய இசட் அச்செழுத்து அக்குறியின் இடத்தில் அமர்ந்துவிட்டது. எழுத்தெண்ணி 'விஸ்' எனப் படிப்பாரும் உளர்; எனினும் 'நேம்லி' என்னும் ஆங்கிலச் சொல்லாகவே வாய்விட்டுப் படிப்பது பெருவழக்கு.

எழுதுவது குறியாகவும் படிப்பது சொல்லாகவும் இருத்தல் நமக்குப் புதிதன்று. ௸ என எழுதி 'மேற்படி' என்றும், ௴ என எழுதி 'மாதம்' என்றும், ௵ என எழுதி 'வருடம்' என்றும் நம் முன்னோர் படித்தனர். இக்குறிகள் 2003இல் யூனிகோடு எழுத்துத் தொகுதியில் இடம்பெற்றமையால் கணினியிலும் பிழையின்றி அச்சிடலாம். பாட்டனார் கடிதத்தில் இவற்றைக் காணும் பிள்ளைக்குப் படித்துக்காட்டத்தான் ஆள் வேண்டும்.

ஒலி மறந்தால் விளைவது யாது என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று உண்டு. அங்கு வழங்கிய 'யோக்' என்னும் எழுத்தும் 3 போன்ற வடிவினது. அது மேற்கூறிய குறியின் வேறானது. அச்சகத்தார் அதற்கும் இசட்டையே கோத்தனர். 'மிங்கிஸ்' என ஒலித்த குடிப்பெயர் இதனால் 'மென்சிஸ்' எனப் பலர் நாவிலும் மாறிற்று. 1949 முதல் 1966 வரை இரண்டாம் முறையாக ஆஸ்திரேலியப் பிரதமராயிருந்த ராபர்ட் மென்சிஸ் அப்பெயரினரே. அவர்க்கு 'மிங்' என்றொரு பட்டப்பெயர் வழங்கியது. பழைய ஒலி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.