சேம அச்சும் ஸ்டெப்னியும்

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்றால், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் என்னும் ஊர் வரும். மதிலின் அழகுக்குப் பெயர்பெற்ற பெரிய சிவன் கோவில் ஒன்று அங்கு உண்டு. அங்குள்ள இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர் என்பர். கள்வர் பயத்தால் அஞ்சிய மிளகு வணிகன் ஒருவனுக்குக் காவலனாக உடன் நடந்து சென்றார் என்பது தலபுராணம். முன்பு 46 என்றும் இன்று 48 என்றும் எண் பெற்றுள்ள சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. அந்தச் சாலையருகே வழித்துணைக்கென்றே ஒரு தெய்வம் இருப்பது பொருத்தமானதே.

வழிப்போக்கனின் அச்சம் கள்வரைப் பற்றியது மட்டுமன்று. நட்டநடு வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? வண்டியே வீடாகவும் இருந்துவிட்டால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அச்சு முறிந்தால் சமையலும் உறக்கமும் கூட அங்கேயே நின்றுவிடும். படுக்கையும் அடுப்பும் பொருத்திய ‘கேரவன்’ வண்டிகளை இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். தொண்டை நாட்டு மக்களுக்கு இது மிகப் பழைய செய்தி.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உப்பு விற்கும் உமணர்களின் வண்டி ஒன்று விரிவாகக் காட்டப்படுகிறது. கோழிகள் அடையும் கூடு அந்த வண்டியில் இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கையில் குழந்தையுடன் ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். சமையலறை, உணவுக் கிடங்கு, கோழிப்பண்ணை எல்லாம் சக்கரத்தின்மேல்! இதை நடமாடும் வீடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்த வீட்டின் பழுதுபார்ப்பு முறையைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழவந்த ஒளவையார், அவனை ஒரு வண்டி உதிரிப்பாகத்துக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று எண்ணி, உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டி வைப்பார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஓர் அரசிளங்குமரனை உதிரி அச்சு என்று புகழ்ந்தால் அது பெருமை என்று எல்லாரும் உணரும் அளவுக்கு, வழியில் அச்சு முறியும் துன்பம் அன்று யாவரும் அறிந்ததாக இருந்திருக்கிறது.

ஏன் குறிப்பாக அச்சு? மாட்டுவண்டியின் முழுப் பாரமும் அச்சின்மேல்தான் இறங்குகிறது. சமதரையில் இரு சக்கரங்களும் அதைப் பங்கிட்டுக் கொள்ளும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, குடத்தை ஒட்டிய இடத்தில் அச்சு வளையும். சக்கரம் சுழன்று தேய்ந்து மெலிவதும் அதே இடத்தில்தான். ஆகவே இரண்டு கேடுகளும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. தேய்மானத்தைக் குறைக்க நம் வண்டிக்காரர்கள் கண்ட வழி வண்டி மை. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியில் தொங்கவிட்டிருப்பார்கள். விளக்கெண்ணெய் குழகுழப்பானது; எளிதில் வழிந்தோடாது. கரித்தூள் அதனுடன் சேர்ந்து இரு பரப்புகளுக்கும் இடையே பிடித்துக்கொண்டு நிற்கும். இதை நாட்டுப்புற வைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1909இல் இங்கிலாந்தில் என்ஜின்களுக்கென வந்த ‘காஸ்ட்ரால்’ எண்ணெயின் பெயரே, அதில் கலந்திருந்த ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

அதே 1909ஆம் ஆண்டளவில்தான் வேலூர்ப் பகுதிச் சாலைகளில் ஒரு விசித்திர வண்டி ஓடத் தொடங்கியது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனால் நோயாளிகள் பலர் மருத்துவமனைவரை வர இயலாதவர்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் சென்று, மரத்தடிகளில் நின்று மருத்துவம் பார்க்கும் வழியோர மருத்துவத்தை அவர் நடத்தினார். அதற்கென வந்தது ஒற்றை உருளை என்ஜின் கொண்ட ‘பியூஜோ’ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டி. அது எழுப்பிய ஓசையைக் கேட்டுக் கிராமத்தார் முதலில் அஞ்சி ஓடினர். பிறகு அதே ஓசைக்காக மரத்தடியில் காத்திருந்தனர். புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவரும் கண் நோவால் துடிக்கும் குழந்தையும் குறித்த நாளில் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வழியில் நின்றால், ஓட்டுபவர் மட்டும் துன்பப்படுவதில்லை.

அக்காலத்து மோட்டார் வண்டியை ஓட்டுவதென்றால் பாதி வேலை பழுதுபார்ப்பதே. சாலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. தகரங்களில் வாங்கிச் சுமந்து செல்ல வேண்டும். தகரத்தின் அடியில் நீர் தங்கியிருக்கும். அந்த நீர் கார்புரேட்டரில் புகுந்தால் என்ஜின் இருமி நின்றுவிடும். ஆகவே மென்மையாகப் பதனிட்ட ‘சாமாய்’ தோலைப் புனலில் விரித்து, அதன் வழியே பெட்ரோலை வடிப்பார்கள். பெட்ரோலில் முன்பே நனைந்த தோல், பெட்ரோலைக் கசியவிடும். நீர்த்துளிகளைத் தடுத்து நிறுத்தும். தோல் தொழில் வட்டாரத்து வாசகர்கள் இன்னொன்றையும் அறிந்து மகிழலாம். அக்காலக் கார்கள் பலவற்றில் கிளட்ச் என்பது தோல் போர்த்திய ஒரு கூம்புதான். தோல் காய்ந்து இறுகினால் வண்டி வெடுக்கென்று குதிக்கும். அப்போது விளக்கெண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் மிகுந்தால் கிளட்ச் வழுக்கும். அப்போது முல்தானி மண் போன்ற எண்ணெய் உறிஞ்சும் தூளைத் தூவ வேண்டும். இரவில் விளக்கெரிய, கால்சியம் கார்பைடுக் கட்டிகளின்மேல் நீரைச் சொட்டவிட்டு அசெட்டிலீன் வாயு உண்டாக்க வேண்டும். என்ஜினைக் கிளப்புவதோ கைப்பிடியைச் சுழற்றி. தீப்பொறி சற்று முந்திப் பாய்ந்துவிட்டால் கைப்பிடி எதிர்ப்புறம் உதறி மணிக்கட்டை முறித்துவிடும்.

நின்றுபோன என்ஜினை எப்படிச் சோதிப்பது? அன்றைய ஓட்டுநர் பின்பற்றிய ஒழுங்கு இன்றைய பெட்ரோல் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். உருளைக்குள் எரிபொருளும் காற்றும் தக்க அளவில் கலந்து வரவேண்டும். பிஸ்டன் அதை இறுக்க வேண்டும். தக்க நேரத்தில் தீப்பொறி பாய வேண்டும். இவற்றில் எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதே கலை. தீப்பொறிக் கட்டையைக் கழற்றுவார். கசிந்த பெட்ரோலை முதலில் துடைத்துவிட்டு, கம்பியோடு அதை என்ஜினின் உடல்மேல் வைத்துக் கைப்பிடியைச் சுழற்றுவார். நீலப்பொறி தெரிந்தால் மின்சாரத்தில் குறையில்லை. கட்டை நனைந்து பெட்ரோல் மணம் வீசினால் எரிபொருளும் வந்திருக்கிறது. கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் தளர்வாகச் சுழன்றால் இறுக்கம் போயிற்று. வால்வைப் பார்க்க வேண்டும். காரணம் புரியாமல் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போடுபவர் இருந்த ஒரு கோளாறை நான்காக்கிவிடுவார்.

இவற்றையெல்லாம்விட அடிக்கடி வந்த தொல்லை டயர். அன்று சக்கரத்தைக் கழற்ற முடியாது. சக்கரம் வண்டியிலேயே இருக்க, டயரை நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, மீண்டும் ஏற்றிக் கையால் காற்றடிக்க வேண்டும். வெயிலில் ஒரு மணி நேர வேலை. 1904இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள லானெல்லி என்னும் ஊரில், டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடித்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின் பக்கவாட்டில் இறுக்கிப் பூட்டிவிடுவது. அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்தபின் அந்த வளையம் மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. வேல்சிலுள்ள ஒரு தெருவின் பெயரை நம் லாரி ஓட்டுநர்கள் இன்றும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சேம அச்சு என்ற சொல்லை நாம் இழக்காதிருந்தால், ‘சேமச் சக்கரம்’ என்று சொல்லிக்கொண்டிருப்போமோ என்னவோ!

நம் நாட்டுச் சாலைகளில் டயரைக் குத்திய முதல் எதிரி மாட்டின் காலிலிருந்து விழுந்த லாட ஆணி. பழைய வண்டி புதிய வண்டிக்கு இட்ட முள் அது. 1910களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி இந்த ஆணிகளைப் பொறுக்கினார் என்பர். ஓட்டை விழுந்தபின் ஒட்டுவதைவிட ஆணியை எடுத்துவிடுவது மலிவு என்று கணக்கிட்டவர் அவர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் (1939–45) பெட்ரோலுக்கே பஞ்சம் வந்தது. அப்போதும் அவருடைய நிறுவனம் ‘டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்’ என்ற கருவியைச் செய்து தந்தது. இரும்பு உலையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால், முதலில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, கனலும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். அதுவே எரிவாயு. அதனுடன் வரும் நைட்ரஜன் பாதிக்கும் மேல் இருப்பதால் என்ஜினின் வலு குறையும். மேடு கண்டால் பேருந்து முக்கும். காலையில் உலையை மூட்டி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். வடிகட்டியில் சேரும் சாம்பலை அடிக்கடி தட்டிக் கொட்ட வேண்டும். தட்ட மறந்தால் அது என்ஜினுக்குள் சென்று உருளையை அரம்போல் தேய்க்கும்.

இந்த வாயுவின் தீமை வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இணையும். மூச்சுத் திணறல் போன்ற எச்சரிக்கை ஏதும் இராது. தலைவலி, மயக்கம், பிறகு உறக்கம். கரி வாயுப் பேருந்துகள் போரோடு போய்விட்டன, ஆபத்து போகவில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். குளிரூட்டியை இயக்கிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து, அதிலிருந்த கார்பன் மோனாக்சைடே அவர்களைக் கொன்றது என்று ஆய்வில் தெரியவந்தது. வண்டியில் உறங்குபவர் டயரையும் எண்ணெயையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா, தரையில் இடுக்கு இருக்கிறதா, காற்று வர வழி இருக்கிறதா? மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் கடையில் கிடைக்கின்றன. ஜெனரேட்டரை ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் உறங்கவே கூடாது.

வீட்டு வண்டியில் அடிக்கடி நேரும் இன்னொரு கோளாறு இத்தகைய கேடன்று, ஆனால் எரிச்சலூட்டுவது. இரவெல்லாம் விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியும் ஓட, காலையில் என்ஜின் கிளம்பாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் பாதியளவே எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. குளிர்பெட்டி சராசரியாக 4 ஆம்பியர் இழுத்தால், அந்தப் பாதி 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு பாட்டரி, என்ஜினைக் கிளப்ப ஒரு பாட்டரி எனப் பிரித்து, என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலேயைப் பொருத்துகிறார்கள்.

மீண்டும் விரிஞ்சிபுரம் சாலைக்கு வருவோம். உமணர் உப்பைச் சுமந்தனர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் ஏற்றிவரும் லாரிகளும் ஒரு வகையில் உப்பையே சுமக்கின்றன. தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவி அடுக்குவது வழக்கம். தோலிலிருந்து வடியும் உப்புநீர் பலகை இடுக்கு வழியே கீழே சொட்டும். உமணரின் மர அச்சை உப்பு அவ்வளவாகத் தொடாது. எஃகுச் சட்டத்துக்கும் பிரேக் குழாய்க்கும் அது கொடிய நஞ்சு. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், இரும்பு துருப்பிடிக்கும் வினை விரைவாகிறது. சரக்கிறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல நீரில் கழுவிவிடும் ஓட்டுநர், பிரேக் குழாய் திடீரென வெடிக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறார்.

இன்றைய டீசல் லாரியில் கைப்பிடி இல்லை, கணிப்பொறி இருக்கிறது. கோளாறு வந்தால் விளக்கெரியும். எந்தக் கோளாறு என்பதை ஒரு கருவியைச் செருகித்தான் படிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதியால், பல வண்டிகளில் புகையைத் தூய்மையாக்க யூரியாக் கரைசலையும் நிரப்ப வேண்டும். அது தீர்ந்தால் என்ஜின் தானே வலுவைக் குறைத்துக்கொள்ளும். இதைச் சாலையோரத்தில் சுத்தியலால் சரிசெய்ய இயலாது என்று பழைய மெக்கானிக்குகள் குறைப்படுவதில் நியாயம் உண்டு.

உமணர் மரபு முழுவதும் அற்றுப்போகவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளைப் பாருங்கள். ஒரு லாரியில் துளையிடும் பொறி, மற்றொன்றில் குழாய்களும் தளவாடங்களும். அவற்றுடன் செல்லும் ஆட்கள் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் சுற்றி, வண்டியருகே சமைத்து, வண்டியிலேயே உறங்குகிறார்கள். மொழி தெரியாத ஊரில் உதிரிப்பாகம் தேடி அலைய முடியாது. ஆகவே அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே மாற்று ஹோஸ் குழாயும், துளையிடும் பிட்டும், கிரீஸ் டின்னும் கிடக்கும். அடியில் கட்டியிருக்கிறது ஸ்டெப்னி.