எரிந்து எரிந்து அணையும் விளக்கு: பழைய சொகுசுக் கார்களின் ஒரு தீராத தலைவலியின் வரலாறு

பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களை ஆசைப்பட்டு வாங்கியவர்களில் பலர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பயந்துபோய் ஓரம்கட்டி, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு காணாமல் போயிருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எரியவே எரியாது, டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுபோகிற மாதிரி! திரும்பி வரும் வழியில் மறுபடியும் எரியும்.

நிரந்தரமாக எரியும் விளக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். இப்படி விட்டு விட்டு எரிவதுதான் பர்ஸைக் காலி செய்வது. ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த விளக்கு டாஷ்போர்டுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு காலத்து விளக்கும் வேறு வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரு காலத்து வைத்தியத்தை இன்னொரு காலத்து வண்டிக்குச் செய்தால் காசுதான் கரையும்.

முட்டாள் விளக்கு

ஆரம்பகாலக் கார்களில் விளக்கு கிடையாது, மீட்டர்கள்தான். ஆயில் பிரஷர் எவ்வளவு, பேட்டரிக்கு கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள் காட்டும். ஓட்டுகிறவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 1930களில் ஹட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் ஆயில் பிரஷருக்கும் ஜெனரேட்டருக்கும் மீட்டருக்குப் பதிலாக விளக்குகளை வைத்தது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். விளக்கு மீட்டரை விட மலிவு; எல்லோருக்கும் புரியும். ஆனால் வண்டியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 'முட்டாள் விளக்கு' என்று அமெரிக்காவில் கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை முள் காட்டும். விளக்கோ எல்லாம் முடிந்த பிறகுதான் எரியும் என்பது அவர்கள் வாதம்.

ஆனாலும் அந்த விளக்கில் ஒரு நேர்மை இருந்தது. என்ஜினில் ஒரு பிரஷர் சுவிட்ச், அதிலிருந்து ஒரு ஒயர், ஒரு பல்பு, அவ்வளவுதான். பிரஷர் இல்லையென்றால் சுவிட்ச் எர்த் ஆகி விளக்கு எரியும். வந்துவிட்டால் அணையும். சூடான என்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது மட்டும் விளக்கு மினுக்கினால் சந்தேகம் மூன்றே இடத்தில்: உண்மையிலேயே பிரஷர் குறைவு, சுவிட்ச் கெட்டது, அல்லது ஒயர் உரசி பாடியில் படுவது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். பழைய மெக்கானிக்குகளின் மூளை இந்த விளக்கோடு வளர்ந்தது: எந்த விளக்கு எரிகிறதோ அந்தப் பொருளைப் பார்.

விளக்குக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர்

1978ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் தன்னுடைய எஸ் கிளாஸ் காரில் பாஷ் நிறுவனம் உருவாக்கிய எலக்ட்ரானிக் ஏபிஎஸ் பிரேக்கை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. சக்கரத்தின் வேகத்தைச் சென்சார்கள் அளக்க, ஒரு கன்ட்ரோல் யூனிட் கணக்குப் போட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிரஷரை விட்டு விட்டுக் கொடுக்கும்.

இந்த யூனிட்டுக்கு ஒரு பெரிய பொறுப்பு உண்டு. தவறான தகவலை நம்பி பிரேக்கை விடுவித்துவிட்டால் உயிர் போய்விடும். ஆகவே அது தன்னையே ஓயாமல் சோதித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். ஏதாவது ஒத்துப்போகவில்லை என்றால் அது ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் மட்டும் வேலை செய்யும். மஞ்சள் விளக்கு எரியும்.

இதுதான் இந்தக் கட்டுரையின் மையமான விஷயம். ஆயில் விளக்கு 'பிரஷர் இல்லை' என்றது. ஏபிஎஸ் விளக்கு 'எனக்கு வந்த தகவலை என்னால் நம்ப முடியவில்லை, நான் விலகிக்கொள்கிறேன்' என்கிறது. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். எது கெட்டது என்று இரண்டாவது விளக்கு சொல்லவே இல்லை! ஆனால் டாஷ்போர்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. விளக்கு விட்டு விட்டு எரிந்தால், பாதுகாப்பும் விட்டு விட்டுத்தான் இருக்கிறது. ஏர்பேக் விளக்குக்கும் இது பொருந்தும். அது எரியும் நேரத்தில் மோதல் நடந்தால் பை விரியும் என்று நம்ப முடியாது. 'அது அப்படித்தான் சார், எரியும், அணையும், ஒன்றும் ஆகாது' என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள்.

பத்து ஆம்பியர் பாடம்

1984 கடைசியில் மெர்சிடிஸ் டபிள்யூ124 வகைக் கார்களை வெளியிட்டது. 25 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. 1995ல் மெர்சிடிஸ் புனேயில் தயாரிப்பைத் தொடங்கியதும் இதே வகையோடுதான். அதனால் நம் ஊர்த் தெருக்களுக்கும் இது பழக்கமான முகம்.

இந்த வண்டியின் பெட்ரோல் மாடல்கள் பலவற்றில் ஒரு பிரபலமான வியாதி உண்டு. ஏபிஎஸ் விளக்கு திடீரென்று எரியும். கூடவே ஐடிலிங் தடுமாறும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சரியாகிவிடும். பிரேக்குக்கும் ஐடிலிங்குக்கும் என்ன சம்பந்தம்? பலர் ஏபிஎஸ் சென்சாரை மாற்றினார்கள், பிறகு யூனிட்டை மாற்றினார்கள், தனியாக பெட்ரோல் இஞ்செக்ஷனையும் பிரித்து மேய்ந்தார்கள். வியாதி போகவில்லை.

குற்றவாளி பேட்டரிக்குப் பின்பக்கம், தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன ரிலே. தலையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கும். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் விலை உயர்ந்த யூனிட்டுகள் எரிந்துபோகாமல் காப்பாற்றுவது அதன் வேலை. ஏபிஎஸ் யூனிட்டுக்கும் இஞ்செக்ஷன் யூனிட்டுக்கும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகும். வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகி ஆறியதில் அதற்குள் இருக்கும் ஈயப் பற்றுகளில் முடி அளவுக்கு வெடிப்பு விழும். குளிரில் ஒட்டியிருக்கும், சூட்டில் விரிந்து விடும், அல்லது தலைகீழாக நடக்கும். சுத்தத் தமிழில் சொன்னால் லூஸ் கான்டாக்ட்!

ரிலே கரண்டை விட்டதும் ஏபிஎஸ் விலகிக்கொள்கிறது, விளக்கு எரிகிறது. இஞ்செக்ஷனின் எலக்ட்ரானிக் பகுதியும் தூங்கிவிடுகிறது. அந்தக் கால கேஇ ஜெட்ரானிக் இஞ்செக்ஷன் பாதி மெக்கானிக்கல் என்பதால் வண்டி நிற்காமல், நொண்டிக்கொண்டே ஓடும். காப்பாற்ற வைத்த காவல்காரனே பிரச்சினை! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதைதான். சம்பந்தமில்லாத இரண்டு அறிகுறிகள் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போனால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேட வேண்டும் என்பதே இந்த ரிலே கற்றுக்கொடுத்த பாடம்.

அடுத்து இன்னொரு பாடம் வந்தது. சுமார் 1992 முதல் 1995 வரை வந்த மெர்சிடிஸ் என்ஜின்கள் பலவற்றில் ஒயர்களின் மேலுறை என்ஜின் சூட்டில் காய்ந்து, பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்தது. உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டும் படாமலும் இருக்கும். சென்சார் நல்லது, யூனிட் நல்லது, நடுவில் இருக்கும் ஒயர் மட்டும் பொய் சொல்லும்.

கார் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தொடங்கியது

பழுது மெக்கானிக் முன்னால் வராவிட்டால் என்ன செய்வது? காரையே குறித்துவைத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழி. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் தன் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தால் என்ஜின் விளக்கு கண்சிமிட்டிப் பேசும். ஒரு முறை சிமிட்டி, நிறுத்தி, இரண்டு முறை சிமிட்டினால் எண் 12. மெக்கானிக் எண்ணிக்கொண்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பார்ப்பார். ஓட்டுநருக்கு எச்சரிக்கையாக வந்த விளக்கு மெக்கானிக்குக்குத் தந்தி அடிக்கும் கருவியாக மாறிவிட்டது.

புகையால் திணறிய கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம் 1988 மாடல் முதல் கார்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆனால் ஆளுக்கொரு சாக்கெட், ஆளுக்கொரு எண். மெர்சிடிஸ் கூட என்ஜின் பக்கம் 38 துளை கொண்ட ஒரு வட்ட சாக்கெட்டை வைத்திருந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 முனை சாக்கெட், ஒரே மாதிரி எண்கள் என்று ஆனது. இதுதான் ஓபிடி 2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் வந்தது. இந்தியாவில் 2010ல் முதல் கட்டமும் 2013ல் இரண்டாம் கட்டமும் வந்தன.

ஓபிடி 2 விதிகளை வாசித்தால் அதை எழுதியவர்கள் விட்டு விட்டு வரும் பழுதை நன்றாகவே அறிந்தவர்கள் என்று தெரியும். பெரும்பாலான பழுதுகளுக்கு முதல் முறை விளக்கு எரியாது. சந்தேகக் கணக்கில் ஒரு எண் மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கு. அந்த நேரத்து என்ஜின் வேகம், சூடு எல்லாம் ஒரு புகைப்படம் போலச் சேமிக்கப்படும். தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் பழுதில்லாமல் போனால் விளக்கு தானாக அணையும். ஆனால் எண் உடனே அழியாது. பழுது திரும்பாமல் என்ஜின் 40 முறை சூடான பிறகுதான் அழியும். விளக்கு போய்விட்டது என்று நாம் சந்தோஷப்படும்போதும் காருக்கு ஞாபகம் இருக்கிறது.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. ஓபிடி 2 புகைக்காக வந்த சட்டம். ஏபிஎஸ், ஏர்பேக் பற்றிய எண்களை மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் படிக்காது. ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருக்க, 'பழுது எதுவும் இல்லை' என்று ஸ்கேனர் சொல்வது இதனால்தான். அந்தந்த நிறுவனத்து யூனிட்டுகளோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

சீரியல் செட் டாஷ்போர்டு

யூனிட்டுகள் பெருகப் பெருக ஒயர்களும் பெருகின. பாஷ் நிறுவனம் 1986ல் 'கேன்' என்ற முறையை அறிமுகம் செய்தது. இரண்டே ஒயர்களில் எல்லா யூனிட்டுகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். இதை முதலில் சாலைக்குக் கொண்டுவந்த கார்களில் ஒன்று 1991ல் வந்த டபிள்யூ140 எஸ் கிளாஸ். சொகுசுக் கார்தான் எப்போதும் முதல் சோதனைக்கூடம்! புதுத் தொழில்நுட்பம் முதலில் அங்கே வருகிறது. இருபது வருடம் கழித்து அதன் முதுமையையும் முதலில் அனுபவிப்பது அந்தக் காரை மலிவாக வாங்கியவர்தான்.

எல்லோரும் ஒரே கம்பியில் பேசும்போது ஒருவர் மயங்கினால் மற்றவர்கள் எல்லோரும் புகார் எழுதுவார்கள். பேட்டரி பலவீனமாக இருக்கும் காலையில் ஸ்டார்ட் செய்தால், மின்னழுத்தம் விழுந்த அந்தக் கணத்தில் நாலைந்து யூனிட்டுகள் 'அவன் பதில் சொல்லவில்லை' என்று ஒருவரைப் பற்றி ஒருவர் பதிவு செய்யும். டாஷ்போர்டு கோவில் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னும். ஸ்கேனரில் பத்து எண்கள் வரும். பத்தும் உண்மை, ஆனால் பத்தும் காரணம் இல்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 1990களின் கடைசியில் வந்த பி.எம்.டபிள்யூ 5, 7 வரிசைக் கார்களில் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், பிரேக் என மூன்று விளக்குகள் சேர்ந்து எரிவது பிரசித்தம். எண் சக்கர சென்சாரைக் காட்டும். சில வண்டிகளில் சென்சார்தான். பல வண்டிகளில் என்ஜின் அறையின் சூட்டில் வேகும் ஏபிஎஸ் யூனிட்டே குற்றவாளி; உள்ளிருக்கும் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயிருக்கும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது?

வரலாறே வரிசையைச் சொல்லிக்கொடுக்கிறது. எல்லோரும் நம்பியிருப்பது மின்சாரத்தை, ஆகவே அதுதான் முதலில். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அடுத்து எர்த். துருப்பிடித்த ஒரு எர்த் இணைப்பில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தால் மல்டிமீட்டரில் அது கிட்டத்தட்ட சுழியாகத்தான் தெரியும். ஆனால் அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

பிறகு ஃபியூஸ், ரிலே, ஒயரிங். என்ஜின் ஓடும்போது ஒயர்களை மெல்ல அசைத்துப் பாருங்கள், ரிலேயைத் தட்டிப் பாருங்கள். (ஏர்பேக் ஒயர்களில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அது பயிற்சி பெற்றவர் வேலை.) அதன் பிறகு எண்கள். எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு அழித்துவிட்டு, ஓட்டிப் பார்த்து, முதலில் திரும்பி வருவது எது என்று பாருங்கள். எண் ஒரு சக்கரத்தைக் காட்டினால், இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி இருக்கும் வண்டியில் இடதையும் வலதையும் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் சென்சார். அங்கேயே நின்றால் ஒயர் அல்லது யூனிட். யூனிட்டை மாற்றுவது கடைசி வேலை. நடைமுறையில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

எப்போது எரிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: காலையிலா, மழையிலா, திருப்பத்திலா, ஏசி போட்டபோதா. பழைய வண்டியின் நினைவில் இல்லாத தகவல் ஓட்டுகிறவரிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணைய வேண்டும். பல்பு வேலை செய்கிறதா என்ற சோதனை அது. பழைய கார் சந்தையில் ஏர்பேக் பல்பையே கழற்றிவிடுகிற, அல்லது வேறு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுகிற தந்திரம் உண்டு. அதனால் வாங்கப் போகும்போது எரிகிற விளக்கை மட்டும் பார்க்காமல், எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கையும் தேடுங்கள். எரிந்து எரிந்து அணைகிற விளக்கு தொல்லைதான், ஆனால் அது இன்னும் உண்மையைச் சொல்ல முயன்றுகொண்டிருக்கிறது. வாயைக் கட்டிவிட்ட விளக்குதான் ஆபத்து.