இது உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கர்னலில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள், ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள் :)

குறிப்பேட்டில் பற்றும் வரவும் எழுதிய பிறகு, கீழே ஒரு வரி விளக்கக் குறிப்பு எழுதுகிறோம் அல்லவா? தொகை சரியாகவே இருந்தாலும், அந்த வரி இல்லாவிட்டால் பணம் எதற்காகப் போனது என்று தணிக்கைக்கு வருகிறவருக்குத் தெரியாது. நிரல் எழுதுகிறவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். அதன் பெயர் கமெண்ட். கணினி அதைக் கண்டுகொள்ளாது, பின்னால் படிக்க வரும் மனிதனுக்காக மட்டும் எழுதுவது.

உலகத்தில் அதிகம் பேசப்பட்ட கமெண்ட்களில் ஒன்று 1975ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கர்னலில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியது யூனிக்ஸ். ஒரு புரோகிராமை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொன்றிடம் கணினியை ஒப்படைக்கும் இடத்தில் சில வரிகளுக்கு மேலே விளக்கம் எழுதியிருந்தார்கள். விளக்கத்தைத் தொடர்ந்து, இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று அதே கமெண்டில் கடைசியாக ஒரு வரி. அவ்வளவுதான்!

இது ஊர் முழுக்கத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு வாத்தியார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகள் இருந்த அந்த கர்னலை வரி எண் போட்டு ஒரு புத்தகமாகவும், அதற்குத் தன் உரையை இன்னொரு புத்தகமாகவும் 1976, 77ல் மாணவர்களுக்காகத் தயாரித்தார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் மாதிரி, கர்னலுக்கு லயன்ஸ். அவர் போட்ட எண்படி அந்தக் கமெண்ட் இருப்பது 2238வது வரி.

திமிரில் எழுதியது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ரிட்சி பின்னால் தன் இணையப் பக்கத்தில் சொன்ன விளக்கம் வேறு. "இது பரீட்சையில் வராது" என்கிற தொனியில்தான் எழுதினார்களாம். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் முக்கியம்: அங்கே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கே சரியாகப் புரியவில்லையாம்!

நிரலில் நிஜமாகவே கோளாறு இருந்தது. ஒரு ஃபங்ஷன் தன் நிலையைச் சேமித்து வைக்கும், வேறொரு ஃபங்ஷன் அதை எடுத்துக்கொண்டு திரும்பும். பி.டி.பி.-11 கணினியின் சி கம்பைலர் எல்லா ஃபங்ஷனிலும் ஒரே மாதிரியாகச் சேமித்ததால் வண்டி ஓடியது. இன்டர்டேட்டா என்ற வேறு கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனபோது, அங்கே கம்பைலர் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் வேறு விதமாகச் சேமித்தது. குட்டு வெளிப்பட்டது. நம் பாடத்தில் ஈடுசெய் பிழை என்று படிக்கிறோமே, இருப்பாய்வு கச்சிதமாகச் சமமாகும், தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த ஜாதிதான் இதுவும். என்னைக் கேட்டால், மேற்பார்வை பார்க்கிறவன் பேனாவை ஊன்றி நிற்க வேண்டிய இடமே "புரிய வேண்டியதில்லை" என்று எழுதியிருக்கும் இடம்தான். ஆனாலும் ரிட்சி கூட்டத்தை முழுதாகக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் அந்த இடத்தை யார் கவனித்திருப்பார்கள்?

1979ல் வந்த ஏழாம் பதிப்பில் அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு எளிமையாக மாற்றி எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஏழாம் பதிப்பின் உரிமத்தில்தான் இந்த நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக்கூடாது என்று ஏடி அண்ட் டி நிறுவனம் நிபந்தனை போட்டது. வியாபார ரகசியமாம். லயன்ஸின் உரையும் உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்றானது. அப்புறம் என்ன, ஜெராக்ஸ்தான்! பிரதிக்குப் பிரதி எடுத்து, எழுத்து மங்கிப்போன தாள்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே இயங்குதளம் படித்தது. இந்தத் தடையால் ஆம்ஸ்டர்டாமில் டானன்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்துவதற்கென்றே மினிக்ஸ் என்று ஒன்றைத் தானே எழுதி 1987ல் வெளியிட்டார். அதை வாங்கிப் படித்துப் பார்த்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை ஆரம்பித்தார்.

லயன்ஸின் புத்தகம் கடைக்கு வர 1996 ஆனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1998 டிசம்பரில், அவர் காலமானார்.