விழித்திருந்து தூக்கத்தை ஆராய்ந்தவர்கள்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தூக்கத்தில் கழிக்கிறான். அறுபது வயதான ஒருவர் அதில் சுமார் இருபது ஆண்டுகள் தூங்கியிருப்பார். இவ்வளவு காலம் எதற்காகச் செலவாகிறது என்று கேட்கவே மனித குலத்திற்கு வெகுகாலம் பிடித்தது. அதிகம் தூங்குபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்வதும், பரீட்சைக்கு இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பவனைக் கெட்டிக்காரன் என்று புகழ்வதும் நம்மிடையே இன்றும் உண்டு. தூக்கம் என்றால் சோம்பல் என்ற இந்த எண்ணம் தவறு என்று நிரூபிக்கச் சிலர் தங்கள் சொந்தத் தூக்கத்தையே பணயம் வைத்தார்கள்.

1879-ல் மின்விளக்கைச் சாதித்துக் காட்டிய தாமஸ் ஆல்வா எடிசன் தூக்கத்தின் பரம எதிரி. தேவைக்கு மேல் தூங்குவது நேரத்தை வீணாக்கும் கெட்ட பழக்கம் என்பது அவரது கருத்து. தான் நான்கைந்து மணி நேரமே தூங்குவதாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் நியூஜெர்சியில் உள்ள அவரது ஆய்வுக்கூடத்தின் நூலக அறையில் ஒரு சிறிய கட்டில் இன்றும் இருக்கிறது. பகலில் குட்டித் தூக்கம் போடுவதற்காகத்தான்! அந்தக் கணக்கை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை போலும். எப்படியோ, 1882-ல் நியூயார்க்கில் அவரது மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, இரவு என்பது வேலையை நிறுத்தும் நேரம் என்ற நிலை மெல்ல மாறியது.

அதே காலத்தில் ரஷ்யாவில் மரியா மனாசீனா என்ற பெண் விஞ்ஞானி இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். 10 நாய்க்குட்டிகளுக்கு நல்ல உணவும் கதகதப்பும் கொடுத்து, தூங்க மட்டும் விடாமல் வைத்திருந்தார். நான்கைந்து நாட்களுக்குள் எல்லாம் இறந்துவிட்டன. இன்று படிக்கும்போது கொடூரமாகத் தோன்றும் சோதனைதான். ஆனால் உணவில்லாமல் பல நாட்கள் கிடந்த நாய்களைக்கூடப் பிழைக்க வைக்க முடிந்தது. தூக்கம் இல்லாதவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. 1894-ல் அவர் இதை ரோம் நகர மருத்துவ மாநாட்டில் தெரிவித்தார். பட்டினியைவிடத் தூக்கமின்மை விரைவாகக் கொல்லும் என்று சொன்ன அவரது பெயர் பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டே போனது.

தூக்க ஆராய்ச்சியின் தந்தை என்று போற்றப்படுபவர் நதானியேல் கிளைட்மன். 1895-ல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் பிறந்து, இருபது வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்கா சென்றவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரும் சில மாணவர்களும் நாட்கணக்கில் தூங்காமல் இருந்து பார்த்ததுதான் அவரது முதல் ஆராய்ச்சி. அதில் ஒரு விந்தை தெரிந்தது. இரவு முழுவதும் விழித்திருப்பவன் அதிகாலை மூன்று நான்கு மணிக்குத் துவண்டு போகிறான். ஆனால் இன்னும் அதிக நேரம் விழித்திருந்த பிறகு, காலை பத்து மணிக்கு அவனே சற்றுத் தெளிவாக இருக்கிறான். களைப்பு மட்டுமே தூக்கத்திற்குக் காரணம் என்றால் இப்படி நடக்கக் கூடாது. அப்படியானால் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறதா? அல்லது சூரியனைப் பார்த்துத்தான் உடல் நேரத்தை அறிகிறதா?

விடை காண அவர் சூரியனே எட்டாத இடத்தைத் தேடிப் போனார். 1938 ஜூன் 4 அன்று கிளைட்மனும் அவரது மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகைக்குள் இறங்கினார்கள். உள்ளே இரவும் பகலும் ஒரே இருட்டு, ஒரே நிசப்தம், எப்போதும் 12 டிகிரி செல்சியஸ் குளிர். கட்டில் கால்களைக் கிருமிநாசினி நிரம்பிய வாளிகளில் வைத்திருந்தார்கள், எலிகளும் பூச்சிகளும் ஏறாமல் இருக்க. நம் வீடுகளில் எறும்புக்குப் பயந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல!

அங்கே அவர்கள் ஒரு நாளை 28 மணி நேரமாக மாற்றிக்கொண்டார்கள். 19 மணி நேரம் விழிப்பு, 9 மணி நேரம் படுக்கை. வாரத்தின் 168 மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் ஆறே நாட்கள்தான் வரும். உடல் வெப்பநிலையை அவ்வப்போது அளந்து குறித்துக்கொண்டார்கள். இருபது வயதுகளில் இருந்த ரிச்சர்ட்சன் ஒரு வாரத்திற்குள் புதிய கணக்கிற்குப் பழகிவிட்டார். 43 வயதான கிளைட்மனின் உடலோ கடைசி வரை இணங்கவில்லை. அவரது உடல் வெப்பம் பழைய 24 மணி நேரக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. படுக்கை நேரம் என்று அட்டவணை சொன்னாலும், உடலுக்கு அது பகலாக இருந்தால் தூக்கம் வரவில்லை. 32 நாட்கள் கழித்து, ஜூலை 6 அன்று வெளியே வந்தபோது பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

இருவருக்கு இரண்டு விடை என்றால் எதை நம்புவது? வெளி உலகம் அந்தக் குகைச் செய்தியை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் சூரியன் இல்லாமலும் கிளைட்மனின் உடல் நேரம் தவறவில்லை என்பது சாதாரண விஷயமல்ல. 1999-ல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று, இளைஞர் முதியவர் இருவருக்குமே இந்த உள் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்களே அதிகம் என்று காட்டியது. கிளைட்மன் அதே ஆண்டில், 104-வது வயதில் காலமானார். அந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈயில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கிளைட்மனின் இன்னொரு மாணவர் யூஜின் அசரின்ஸ்கி. அவர் பழைய மூளை அலைக் கருவி ஒன்றைத் தூசு தட்டி, தன் எட்டு வயது மகனின் தலையில் மின்முனைகளை ஒட்டி இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கும் பையனின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடுவதை அவர் கவனித்ததன் விளைவாக, 1953-ல் கனவுத் தூக்கம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. தூக்கம் என்பது மூளை அணைந்து கிடக்கும் நேரம் என்ற கருத்து அத்துடன் முடிந்தது.

இதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு காரியம் செய்தான். பெயர் ராண்டி கார்ட்னர். 1963 டிசம்பர் 28 அன்று காலை எழுந்தவன், 1964 ஜனவரி 8 வரை தூங்கவே இல்லை. மொத்தம் 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள்! செய்தியைப் படித்துவிட்டு, கிளைட்மனிடம் பயின்ற வில்லியம் டிமென்ட் என்ற ஆராய்ச்சியாளர் நேரில் வந்தார். நடுநிசியில் மாணவன் கண்ணயராமல் இருக்க அவனோடு விளையாடவும் செய்தார். கடைசி நாட்களிலும் அவன் விளையாட்டில் தன்னைத் தோற்கடித்ததாக டிமென்ட் பின்னர் சொல்லி வந்தார்.

கடற்படை மருத்துவர் ஜான் ராஸ் எழுதிய குறிப்புகள் வேறு கதை சொல்கின்றன. நான்காம் நாளிலேயே மாணவன் தன்னை ஒரு புகழ்பெற்ற கால்பந்து வீரனாகக் கற்பனை செய்தான். தெருவில் நின்ற பலகை ஆளாகத் தெரிந்தது. பதினோராம் நாள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். பிறகு 14 மணி நேரத்திற்கும் மேலாகத் தூங்கி எழுந்தபோது நலமாகவே இருந்தான். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அறுபது வயதை ஒட்டி அவருக்குக் கடுமையான தூக்கமின்மை வந்து பல ஆண்டுகள் வாட்டியது. பழைய சாதனைக்கான தண்டனையாகவே அவர் அதைக் கருதினார். இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவம் நிறுவவில்லை. ஆயினும் கின்னஸ் நிறுவனம் ஆபத்து கருதி, 1997-க்குப் பிறகு விழித்திருக்கும் சாதனைகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது.

தூக்கம் இத்தனை அவசியம் என்றால் வராத தூக்கத்தை வரவழைப்பது எப்படி? இருபதாம் நூற்றாண்டு முதலில் நம்பியது மாத்திரையைத்தான். 1903-ல் ஜெர்மனியில் வெரோனல் என்ற பெயரில் பார்பிடல் வந்தது. அந்த வகை மருந்துகளில் தூங்க வைக்கும் அளவிற்கும் உயிரைப் பறிக்கும் அளவிற்கும் இடைவெளி குறைவு. 1962-ல் நடிகை மர்லின் மன்றோ இறந்தது இவ்வகை மாத்திரைகளால்தான். அதைவிடப் பெரிய துயரம் தாலிடோமைடு. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில், மருந்துச் சீட்டுகூடத் தேவையில்லாத, முற்றிலும் பாதுகாப்பான தூக்க மருந்து என்ற விளம்பரத்துடன் அது விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் குமட்டலுக்காகச் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால்கள் வளராமலும் வேறு குறைகளோடும் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, கம்பெனி எத்தனை முறை நெருக்கியும் அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது. ஒரு நல்ல இரவுத் தூக்கத்திற்காகத் தாய்மார்கள் கொடுத்த விலை இது.

மாத்திரை இல்லாத வழிகள் இதற்குப் பிறகே முக்கியத்துவம் பெற்றன. 1972-ல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். தூக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். படிப்பது, டி.வி. பார்ப்பது, கவலைப்படுவது எதுவும் படுக்கையில் கூடாது. படுத்தும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். மீண்டும் கண்ணைச் சுற்றும்போது வந்து படுக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. படுக்கை என்றாலே விழிப்பு என்று பழகிவிட்ட மனதை, படுக்கை என்றாலே தூக்கம் என்று மாற்றுவதுதான் இதன் உட்கருத்து. கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும், இதை உள்ளடக்கிய உளவியல் பயிற்சியைத்தான் 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மாத்திரைக்கு அடுத்த இடம்தான்.

எழும் நேரம் ஏன் முக்கியம் என்பதற்குக் கிளைட்மனின் குகையே சாட்சி. உடல் கடிகாரத்தோடு சண்டை போட்டு அவரால் தூங்க முடியவில்லை. அந்தக் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். இரவில் கண்ணில் படும் பிரகாசமான ஒளி, மெலடோனின் என்ற இரவு ஹார்மோனைக் குறைத்துவிடும் என்பது 1980-ல் மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது. ஆகவே காலை வெயிலில் சிறிது நடப்பதும், இரவில் விளக்கையும் செல்போனையும் நேரத்தோடு அணைப்பதும் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. காப்பியும் அப்படியே. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதிலுள்ள காஃபினில் பாதியளவு உடலில் தங்கியிருக்கும். மாலை ஆறு மணிக் காப்பி, இரவு பதினோரு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

நடுநிசியில் விழிப்பு வந்துவிட்டால் பலரும் பதறுகிறார்கள். இது தேவையில்லை. மின்விளக்கிற்கு முந்தைய ஐரோப்பாவில் பலர் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என இரண்டு தவணையாகத் தூங்கியதை, பழைய நீதிமன்ற வாக்குமூலங்களிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் 2001-ல் எடுத்துக்காட்டினார். இடையில் எழுந்து பிரார்த்தனை செய்வார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லா மக்களும் அப்படித் தூங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2015-ல் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மின்சாரம் இல்லாத மூன்று மக்கள் குழுக்களை ஆராய்ந்தபோது, அவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சாகத் தூங்குவது தெரிந்தது. இருட்டியதும் படுப்பதில்லை, சூரியன் மறைந்து சுமார் மூன்று மணி நேரம் கழித்து, இரவு குளிரத் தொடங்கியபின் தூங்குகிறார்கள். இரவின் கடுங்குளிர் நேரத்தை ஒட்டி, பெரும்பாலும் விடியுமுன்பே எழுந்துவிடுகிறார்கள். தூங்கும் நேரம் ஆறு, ஏழு மணிதான். அவர்களில் இரண்டு குழுக்களின் மொழியில் தூக்கமின்மை என்பதற்குச் சொல்லே கிடையாது. ஆய்வாளர்கள் அது என்னவென்று விளக்கிய பிறகே, உங்களுக்கு அது உண்டா என்று கேட்க வேண்டியிருந்தது. மிகச் சிலரே உண்டு என்றார்கள்.