வட்ட ரம்பமும் கைவிரலும்

ஒரு கருவி எவ்வளவு விரைவாக வேலை செய்தது என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அதனின்று மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற கதையும் வரலாறே என்பது ஆசிரியனாகிய என் கருத்து.

இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் 1777ஆம் ஆண்டில் காற்றாலையால் இயங்கும் ரம்பத்திற்குக் காப்புரிமை பெற்றார்; அதில் வட்ட ரம்பமும் குறிப்பிடப்பட்டிருந்தது. சுழலும் ரம்பம் விரைவாக அறுத்தது. இடரும் உடன் வந்தது. அறுபட்ட பலகையின் இரு பகுதிகளும் நெருங்கி ரம்பத்தைக் கவ்வினால், மேலெழும் பின்புறப் பற்கள் பலகையைத் தூக்கி அறுப்பவர்மீதே எறியும். கையும் பற்களை நோக்கி இழுபடக்கூடும்.

இதற்கு மாற்று என்ன? அறுத்த பிளவு மூடாதபடி ரம்பத்தின் பின்னே நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு; பற்களின்மேல் ஒரு மூடி; விரலுக்குப் பதிலாகப் பலகையைத் தள்ள ஒரு கோல். இவ்வளவே! ஆயினும், பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு இம்மூன்றையும் கட்டளையிட்ட மரவேலை எந்திர விதிகள் 1922இல்தான் பிறந்தன. இடையே கழிந்தவை 145 ஆண்டுகள்!

தொழிற்சாலைக்கு ஆய்வாளர் வருவார். வீட்டுப் பட்டறைக்கு யார் வருவார்? அங்கே ஆய்வாளரும் நீங்களே. ஒரே ஒரு பலகைதானே என்று மூடியைக் கழற்ற நினைக்கும்போது, அந்த 145 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.