மார்ச் 1, 1950: இரண்டு ஆணைகள்

இந்தியா குடியரசாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசின் இரண்டு ஆணைகள் நடப்புக்கு வந்தன. ஒன்று, 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் சிறையிலேயே கொடுக்கப்பட்டது: காவல் தொடரும், இம்முறை புதிய சட்டத்தின்படி. மற்றொன்று, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்றது.

அந்தப் புதிய சட்டம், தடுப்புக் காவல் சட்டம். பிப்ரவரி கடைசியில் நாடாளுமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர் வல்லபபாய் படேல். அவரே பிரிட்டிஷ் ஆட்சியில் அகமதுநகர் கோட்டையில் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தவர்தான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவருவதற்குமுன் தூக்கமின்றித் தவித்ததாக அவர் சபையிலேயே சொன்னார், சட்டம் நிறைவேறியது. ஓராண்டுக்கு மட்டும் என்றார்கள். நீட்டிக்க நீட்டிக்க, 1969 கடைசிவரை அது உயிரோடு இருந்தது.

ஆட்சியாளர்கள் பயந்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் ஓயவில்லை. ஆனால் அதே பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பூட்டிய கதவுக்குள் இருந்தவர்களால் நாட்டுக்கு என்ன ஆபத்து?

கோபாலனும் தாப்பரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 19 அன்று கோபாலன் தோற்றார். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக்கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் ரத்தானது. ஒரு வாரம் கழித்துத் தாப்பர் வென்றார். வேடிக்கை என்னவென்றால், கோபாலனுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்த பதஞ்சலி சாஸ்திரிதான் தாப்பருக்காகத் தீர்ப்பு எழுதினார். கோபாலன் பக்கம் நின்ற பசல் அலியோ தாப்பர் வழக்கில் அரசின் பக்கம் நின்றார்.

தாப்பரிடம் தோற்ற வழக்கை அரசு அப்படியே விட்டுவிடவில்லை. முதல் பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை. அதற்குள், 1951 ஜூன் 18 அன்று நேரு அரசு அரசியலமைப்பையே திருத்தியது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களில், தாப்பர் வழக்கில் எடுபடாத 'பொது ஒழுங்கு' புதிதாகச் சேர்ந்தது. அன்னிய ஆட்சியின் கருவிகளைக் கைக்கொண்டதைவிட, இதுதான் புதிய ஆட்சியாளர்களின் உண்மையான பலம். தீர்ப்பு இடித்தால் சட்டத்தின் அடித்தளத்தையே மாற்றிக்கொள்ள அவர்களால் முடிந்தது.

கோபாலன் 1952 தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். அவர் வழக்கில் தனிமனிதச் சுதந்திரத்துக்குச் சொல்லப்பட்ட குறுகிய விளக்கத்தை 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றமே கைவிட்டது. தடுப்புக் காவலுக்கு இடம் தரும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு மட்டும் இன்றும் நடப்பில் இருக்கிறது.